தொலைந்தது சாவி, மாற்ற வேண்டியது பூட்டு

பழைய காரின் சாவி தொலைந்துவிட்டால் உரிமையாளருக்கு முதலில் வருவது பதற்றம். தெருமுனைச் சாவிக்காரர் வந்து, கதவைத் திறந்து, புதுச் சாவியைக் கையில் கொடுத்ததும் வருவது நிம்மதி. ஆபத்து அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. தொலைந்த சாவி எங்கோ கிடக்கிறது. அது இன்னமும் அதே காரைத் திறக்கும்.

அம்பாசடரும் மாருதி 800-ம் உற்பத்தியிலிருந்து விடைபெற்றது 2014ல். பிரிமியர் பத்மினி அதற்கு வெகு முன்பே போய்விட்டது. ஆனால் கம்பெனி நிறுத்தினாலும் வண்டிகள் நிற்கவில்லை. பலரது ஷெட்டில் அவை இன்றும் உயிரோடு இருக்கின்றன, பெரும்பாலும் ஒரே ஒரு சாவியுடன். இரண்டாவது சாவி முந்தைய உரிமையாளரின் மேஜை டிராயரில் இருக்கலாம்; இல்லாமலும் இருக்கலாம்.

இந்த வண்டிகளின் பூட்டு எளிமையானது. உருளைக்குள் சிறு தகடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் தள்ளிப் பிடித்திருக்கும். சரியான சாவியின் பற்கள் எல்லாத் தகடுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால் உருளை சுழலும். சாவிக்காரரின் வித்தையும் இதை வைத்துத்தான். பல் வெட்டாத சாவியை உள்ளே விட்டுத் திருகுவார். தகடு அழுத்திய இடத்தில் மெல்லிய கீறல் விழும். அந்த இடத்தை அரத்தால் ராவி, மீண்டும் விட்டுத் திருகுவார். பூட்டு சுழலும் வரை இதுதான் வேலை. வட இந்தியாவில் இந்தத் தொழிலில் சிக்லிகர் சீக்கியர்கள் பலர் இருக்கிறார்கள். இவர்களது முன்னோர் ஆயுதம் செய்து கூர் தீட்டியவர்கள்.

செலவு சில நூறு ரூபாய். அதனாலேயே பலரும் விஷயத்தை அத்துடன் விட்டுவிடுகிறார்கள். ஆனால் சாவி தொலைந்தால் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. ஒன்று, புதுச் சாவி. மற்றது, பழைய சாவியைச் செல்லாக்காசாக்குவது. இரண்டாவதுக்கும் பெரிய செலவில்லை. பூட்டைக் கழற்றி உள்ளே உள்ள தகடுகளின் வரிசையை மாற்றிப் போட்டாலே போதும். தகடுகள் மிகவும் தேய்ந்திருந்தால் பூட்டையே மாற்றிவிடலாம். தில்லி காஷ்மீரி கேட், கொல்கத்தா மல்லிக் பஜார், சென்னை புதுப்பேட்டை போன்ற உதிரிபாகச் சந்தைகளில் தேடினால் பழைய மாடல்களுக்கான பூட்டு செட் கிடைக்க வாய்ப்புண்டு. தேய்ந்த பூட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு: சில சமயம் அடுத்தவர் வண்டிச் சாவிக்கும் மரியாதையாகத் திறந்துவிடும்.

2000க்குப் பிறகு வந்த கார்களில் நிலைமை வேறு. அவையும் இப்போது 'பழைய வண்டி' பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஆனால் அவற்றில் பலவற்றின் சாவித் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. மாருதி இந்த ஏற்பாட்டை 'ஐகேட்ஸ்' என்ற பெயரில் கொடுத்தது. இந்தச் சிப்புக்கு பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள வளையத்திலிருந்தே மின்சாரம் பெற்று, தன் அடையாள எண்ணை அனுப்பும். எண் பொருந்தாவிட்டால், சாவி சுழன்றாலும் எஞ்சின் ஓடாது. அரத்தை மட்டும் நம்பும் சாவிக்காரர் இங்கே கையை விரித்துவிடுவார்.

ஒரு சாவி கைவசம் இருந்தால் இன்னொன்றைச் சேர்ப்பது சுலபம். எல்லாச் சாவிகளும் போய்விட்டால் டீலரிடமோ கருவி வைத்திருக்கும் நிபுணரிடமோ போக வேண்டும். ஆர்.சி. புத்தகம், அடையாளச் சான்று, பல இடங்களில் போலீஸ் புகார் நகல் ஆகியவற்றைக் கேட்பார்கள். செலவு ஆயிரங்களில் போகும். ஆனால் இங்கே ஒரு வசதி உண்டு. தொலைந்த சாவியின் எண்ணை காரின் நினைவிலிருந்து அழித்துவிட முடியும். அழிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்; கேட்காவிட்டால் பலர் செய்வதில்லை. அழித்த பிறகும் அந்தச் சாவி கதவைத் திறக்கலாம். வண்டியை ஓட்டிச் செல்ல மட்டும் உதவாது.

இவ்வளவு கவலை எதற்கு? இன்ஷூரன்ஸ்தான் காரணம். கார் திருடு போனால் நஷ்டஈடு கேட்பவரிடம் கம்பெனிகள் வழக்கமாக எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்கின்றன. இரண்டில் ஒன்று குறைந்தால் கேள்வி எழும். என்றோ தொலைந்த சாவிக்கு அன்றே போலீஸில் பதிவு செய்த அறிக்கை இருந்தால் பதில் சொல்லலாம். தில்லி உள்பட பல இடங்களில் இதை இணையத்திலேயே பதிவு செய்யலாம், செலவும் இல்லை.

இதுவும் முழு பாலிசி எடுத்தவர்களுக்கு மட்டும்தான். பழைய வண்டிக்காரர்களில் பலர் சட்டத்துக்காக மூன்றாம் நபர் பாலிசியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் திருட்டுக்கு ஒரு பைசா வராது. சாவி மாற்றித் தரும் கூடுதல் பாலிசிகள் உண்டு என்றாலும், வயதான வண்டிக்கு அவை கிடைப்பது அரிது. பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் வண்டிக்குத்தான் அது மிகக் குறைவு.

ஆகவே சாவி கையில் இருக்கும்போதே சில வேலைகளை முடித்துக்கொள்வது உத்தமம். சாவியிலோ அதனுடன் வந்த உலோகத் துண்டிலோ எண் இருந்தால் குறித்து வைக்க வேண்டும். நகலெடுக்கும்போது அதிகம் தேயாத சாவியைக் கொடுக்க வேண்டும்; தேய்ந்த சாவியின் நகல் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே சுமக்கும். சாவிக்கொத்தில் விலாசமோ வண்டி எண்ணோ எழுதித் தொங்கவிடக் கூடாது. கண்டெடுப்பவர் நல்லவராக இருந்தால் அது உதவி, இல்லாவிட்டால் அழைப்பிதழ்.