அகலச் சக்கரமும் ஒடுங்கிய பாதையும்

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பதுளை பஸ் நிலையத்தில் என்னை ஏற்றிக்கொள்ள வந்தவன் எங்கள் தோட்டத்துப் பையன். என்னோடு ஒரே லயத்தில் வளர்ந்த நண்பனின் மகன். நண்பன் ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதியில் வாங்கிக் கொடுத்த சின்னஞ்சிறு பழைய கார். முன்னாலிருந்து பார்த்தால் அதே கார்தான். பின்னால் போய்ப் பார்த்தபோது திடுக்கிட்டேன். இரண்டு சக்கரங்களும் மட்காட்டுக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றன.

"எப்படி இருக்கு மாமா?" என்றான்.

"போய்ப் பார்ப்போம்" என்றேன்.

ஆஸ்பத்திரி கிளினிக் முடிந்து நின்ற இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் பின்னிருக்கையில் ஏறினார்கள். டிக்கியில் ஒரு மூட்டை அரிசி. பசறைப் பாதையில் தார் இருந்தவரை ஒன்றுமில்லை. தோட்டத்துப் பாதையில் திரும்பி முதற் குழியில் இறங்கியதும் பின்னால் எதுவோ அரைபடும் சத்தம். இறங்கிப் பார்த்தேன். மட்காட்டின் விளிம்பு டயரின் தோளை வட்டமாக அறுத்திருந்தது. ரப்பருக்கடியில் நூல் தெரிந்தது.

அந்தப் பையனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அவன் செய்தது தவறு என்பதை மழுப்பாமல் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என்ன செய்திருக்கிறார்கள் பாருங்கள். அகல ரிம் உள்ளே சொக் அப்சோபரில் முட்டும். முட்டாமலிருக்க ஸ்பேசர் என்ற தடித்த வளையத்தை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுகிறார்கள். வெளியே தள்ளினால் மட்காட்டில் உரசும். அதற்காக மட்காட்டின் உள்மடிப்பைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்துகிறார்கள். பாரம் ஏறும்போது அப்படியும் உரசும். ஆகவே சுருள் ஸ்பிரிங்கின் இடையே ரப்பர்க் கட்டைகளைச் செருகி, பின்பக்கம் பதியாதபடி செய்கிறார்கள். ஒரு தவறை மறைக்க மூன்று தவறுகள்!

சக்கரம் குழியில் இறங்கி, ஏறி, நிலத்தைப் பற்றிக்கொண்டே போகவேண்டும் என்பதற்காகத்தான் ஸ்பிரிங் இருக்கிறது. அதன் அசைவைக் கட்டிப்போட்டால் சக்கரம் நிலத்தை விட்டுத் துள்ளும். துள்ளுகிற டயர் எத்தனை அகலமாக இருந்தால் என்ன? காற்றில் ஏது பிடிமானம்? ஸ்பேசரோ ஹப்பிலுள்ள பெயாரிங்குக்குச் சுமையைக் கூட்டுகிறது. கொழுந்துக் கூடையை முதுகோடு ஒட்டிச் சுமக்கிற நம் தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதே கூடையைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு மலையேறச் சொல்லுங்கள், தோள்மூட்டு என்னவாகும்?

அகல டயரால் பயனே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. காய்ந்த, சமமான தார்ப்பாதையில், அதற்கென்றே கணக்கிட்டு அமைத்த வண்டியில், அது வளைவில் கூடுதல் பிடி தரும். ஆனால் ஊவாவின் பாதை கேட்பது வேறு. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் வண்டியின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுடையது. இந்தச் சிறிய காரில் இழுப்பதும் முன் சக்கரந்தான், திருப்புவதும் முன் சக்கரந்தான். எங்கள் பையன் பின் சக்கரங்களுக்கு இராஜ உபசாரம் செய்துவிட்டு, முன் டயர்களை வழுக்கையாக விட்டிருந்தான். உழைக்கிறவனைப் பட்டினி போட்டுவிட்டு விருந்தாளிக்கு இலை போடுவது இதுதான்.

இன்னொன்றும் உண்டு. நம் பாதைகளில் அகலம் என்பது அலங்காரமல்ல, உயிர். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறையில், ஒடுங்கிய இடத்தில் எதிரே நின்ற லொறியைத் தாண்ட ஓரம் ஒதுங்கிய பஸ் பள்ளத்தில் சரிந்தது. பலியானவர்கள் பதினான்கு பேருக்குக் குறையாது. அன்று வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே இருந்தவை சில அங்குலங்கள். அந்தப் பாதையில் ஓடுகிற வண்டியைக் காசு கொடுத்து அகலப்படுத்துகிறோம் நாம்! 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய இறக்கத்தில் பஸ் கவிழ்ந்து 15 பேர் மாண்டார்கள். இந்த மலைகள் யாரையும் விளையாட்டாக விடுவதில்லை.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். "தியத்தலாவ பொக்ஸ்ஹில் ரேசில் ஓடுறாங்களே மாமா?" என்றான். ஓடுகிறார்கள், மூடிய களத்தில், பரிசோதித்த வண்டியில், தலைக்கவசத்தோடு. அப்படியிருந்தும் 2024 ஏப்ரல் 21இல் அங்கே ஒரு கார் களத்தை விட்டு விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள்.

சற்று நேரம் பேசாமலிருந்தவன் பிறகு சொன்னான்: "லயத்துப் பையன்னு பார்த்தவங்க இப்ப திரும்பிப் பார்க்கிறாங்க மாமா."

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அந்த ஏக்கம் பொய்யல்ல. அவன் தாயின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது 2024இல். அரசின் 200 ரூபா கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபா என்று அறிவித்தது 2026க்கான வரவு செலவுத் திட்டம். ரிம்மின் விலையை அந்தக் கூலியால் வகுத்துப் பார்த்தேன். அவனிடம் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மானத்தைச் சக்கரத்தில் மாட்டினால் அதுவும் தேயும் தம்பி. நடுச்சாமத்தில் பிரசவ வலியோடு துடிக்கிற பெண்ணைப் பதுளைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறாயே, உனக்கு அதைவிடப் பெரிய மரியாதை எது?

குற்றவாளி இவன் மட்டுமா? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்தாண்டுகளில் தேய்ந்த வண்டிகளை மேலும் தேயவிட்டோம். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்ற பெயரில் பொலிஸார் வாகனங்களின் மேலதிக அலங்காரங்களைக் கழற்றினார்கள். நல்லது. ஆனால் வெளியே தொங்கும் விளக்கைக் கண்ட கண்களில் எத்தனை, குனிந்து அச்சைப் பார்த்தன? ஒவ்வோர் ஆண்டும் வருமான அனுமதிப்பத்திரம் பெறத் தனியார் காருக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். பிரேக்கை, ஸ்பிரிங்கை, டயரைப் பரிசோதித்த சான்றிதழ் வேண்டாம்! புகையை முகர்ந்து பார்க்கிற அரசு காரின் அடிவயிற்றைப் பார்க்க மறுக்கிறது.

பதுளையில், பண்டாரவளையில், மகியங்கனையில், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து "இதை ஓட்டாதே" என்று சொல்ல அதிகாரமுள்ள ஒரு பொறியியலாளரை இருத்துங்கள். மாற்றம் செய்ய விரும்புகிறவன் அவரிடம் காட்டிச் செய்யட்டும். தண்டப்பணச் சீட்டு எந்த டயரையும் பாதையில் பிடித்து வைக்காது. தோட்டப் பாதைகளின் குழிகளுக்குக் கம்பனிகளும் அரசும் மாறி மாறிக் கைகாட்டுவதும் முடிவுக்கு வரட்டும்.

மறுநாள் முன் டயர்கள் இரண்டையும் மாற்றினோம். பின் சக்கரங்களை அவன் கழற்றவில்லை. "தீபாவளி முடியட்டும் மாமா" என்கிறான். அதுவரை அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கால்கள் இருக்கின்றன, நடப்பேன். அன்று குழந்தையோடு பின்னிருக்கையில் இருந்த பெண்கள் அடுத்த கிளினிக்குக்கு எதில் போவார்கள்?