கருப்பைக்கு எட்டாண்டுத் தாமதம்

நான் அறிவியல் படித்தவள் அல்ல, தமிழ் நடத்துகிறவள். ஆனால் குருத்தணு ஆய்வுக்கூடத்தின் சாமான் பட்டியலை வாசிக்க ஒரு பெண்ணுக்கு அறிவியல் பட்டம் தேவையில்லை.

1998இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழு மனிதக் கருவின் குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தது. சுண்டெலிக் கருவிலிருந்து எடுத்த செல்களின் மேல்தான் அவை வளர்ந்தன. அதற்குப் பெயர் ஊட்டு அடுக்கு. கதிர்வீச்சால் அந்த எலிச் செல்கள் பெருகுவதை நிறுத்திவிடுவார்கள். சாகவும் கூடாது, பெருகவும் கூடாது, ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு என் அம்மாவின் நினைவு வந்தது.

அவற்றுக்கு ஊற்றிய சீரம், வெட்டப்படும் சினைப்பசுவின் வயிற்றுக் கன்றினுடைய இரத்தத்திலிருந்து எடுப்பது. அதற்கும் முன்பே, 1951இல் பால்டிமோரில், ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து அவரைக் கேட்காமலே செல்களை எடுத்தார்கள். அவர் அதே ஆண்டு இறந்தார். செல்கள் இன்றும் உலகெங்கும் பெருகுகின்றன.

இப்படிக் கருவிலிருந்தும் கருப்பையிலிருந்தும் எடுத்தே வளர்ந்த துறை, கருப்பைக்கு என்ன செய்தது?

2009இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகம் ஒற்றைக் குருத்தணுவை மேட்ரிஜெல்லில் வைத்துச் சுண்டெலிக் குடலின் ஆர்கனாய்டை வளர்த்தது. 2010இல் இரைப்பை. 2013இல் கல்லீரல், மூளை. கருப்பை உட்படலத்தின் ஆர்கனாய்டு கேம்பிரிட்ஜிலும் லூவனிலும் உருவானது 2017இல். வளர்த்த ஜெல் அதே மேட்ரிஜெல். வளர்ச்சிக் காரணிகளும் பெரும்பாலும் குடலுக்குப் பயன்பட்டவையே.

"ஒவ்வோர் உறுப்புக்கும் அதனதன் சிக்கல் உண்டு, இதில் ஆண் பெண் எங்கே வந்தது?" என்பார்கள். சிக்கல் உண்டுதான். மூளைக்கு இல்லாத சிக்கலா? எதை முதலில் முயல்வது என்பதை ஜெல் முடிவு செய்வதில்லை, மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். எண்டோமெட்ரியோசிஸால் உலகில் சுமார் 19 கோடிப் பேர் அவதிப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களுடைய வலி வரிசையில் நின்றது.

2021இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மாதவிடாய் இரத்தத்திலிருந்தே இந்த ஆர்கனாய்டுகளை வளர்த்துக் காட்டினார்கள். கத்தி வேண்டாம், திசு கிள்ள வேண்டாம். தீட்டு என்று நம்மை மூலையில் உட்காரவைத்த அதே இரத்தம்.

கேட்டால் கொடுப்போம். ஆனால் எங்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு எடுங்கள். எடுத்ததை முதலில் எங்கள் வலிக்குச் செலவழியுங்கள். ஊட்டு அடுக்காக இருந்தது போதும்.