வேலைக்குப் போக எந்த சைக்கிள்?

குறைந்த செலவில் சைக்கிள் வாங்கி வேலைக்குப் போக நினைப்பவர்கள், கடையில் கியரும் சஸ்பென்ஷனும் உள்ள வண்டியைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். அதே விலைக்கு ஒற்றை கியர் வண்டியே மேல். மலிவு வண்டியின் முன் ஃபோர்க்கில் இருப்பது பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான். எடையைக் கூட்டி, எழுந்து மிதிக்கும்போது நம் பலத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். கியர் கேபிள் தளர்ந்தால் செயின் பல்லில் நிற்காமல் தாவும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் எல்லா பஞ்சர் கடையிலும் இருப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு தரும் விலையில்லா சைக்கிளும் ஒற்றை கியர்தான் என்பதால், அதற்கான டியூபும் பிரேக் கட்டையும் ஃபிரீவீலும் சின்ன ஊரிலும் கிடைக்கும்.

கியர் இல்லாமல் மேடு ஏறுவது எப்படி என்று ஊட்டிக்காரர் கேட்டால் நியாயம். ஆனால் சென்னையும் தஞ்சாவூரும் சமதளம், மேம்பாலம்தான் ஏற்றம். 18 பல் ஃபிரீவீலைக் கழற்றி 20 பல் மாட்டினால் மிதிப்பது இலேசாகும். மழையில் பிரேக் பிடிக்காது என்ற குறை உண்மையானது. நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும். சற்றுக் கூடுதல் விலையானாலும் அலுமினிய ரிம் உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும். மட்கார்டும் செயின் கவரும் இல்லாத வண்டி வேண்டவே வேண்டாம். சேறும் கிரீஸும் படிந்த பேண்டோடு எத்தனை நாள் அலுவலகம் போக முடியும்? பணம் மிச்சமிருந்தால் நல்ல பூட்டும் பின்விளக்கும் வாங்கிவிடலாம்.

— ஒரு வாசகர், சென்னை