கொட்டகை வாதம்

மேதைக்கு ஆய்வுக்கூடம் எதற்கு, க்யூரி தம்பதியர் பாரிஸில் ஓர் ஒழுகும் கொட்டகையில்தானே ரேடியத்தைப் பிரித்தெடுத்தார்கள் என்று வாதிக்கும் அன்பர், அக்கொட்டகையின் சரித்திரத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். விஷவாயுவை வெளியேற்றும் புகைக்கூண்டு அங்கே இல்லாமையால், மேரி அம்மையார் அவ்வேலைகளைத் திறந்த முற்றத்தில் செய்ய நேர்ந்தது. மழை வந்தாலோ, உள்ளே வந்து, ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு தொடர்ந்தார். கனத்த இரும்புத் தண்டால் கொதிக்கும் குழம்பை நாள் முழுதும் கிளறிப் படிப்படியாகச் சுத்திகரித்த திரவங்களில், இரும்புத் தூசியும் கரித்தூசியும் விழுவதைத் தடுக்க இயலாமல் தவித்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார். 1902-இல் கைக்கு வந்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு! இந்தத் தாமதத்தையா நாம் இலட்சணமாகக் கொண்டாடுவது? பிரெஞ்சு அரசின் விருது தம்மை நாடி வந்தபோது, தமக்குப் பதக்கம் தேவையில்லை, ஆய்வுக்கூடமே அத்தியாவசியம் என்று மறுத்தவர் பியேர் க்யூரி. அது கிட்டாமலே 1906-இல் மறைந்தார்.

கூடம் கட்டுவதற்கும் முன்யோசனை வேண்டும். கேம்பிரிட்ஜில் 1874-இல் திறக்கப்பட்ட கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்துக்குத் திட்டம் வகுத்த மாக்ஸ்வெல், முன்னதாகவே கிளாஸ்கோ, ஆக்ஸ்போர்டு கூடங்களை நேரில் ஆராய்ந்தார். நம் கல்லூரிகளிலோ, சுவர் எழும்பிப் பூச்சும் முடிந்த பிற்பாடுதான் புகைக்கூண்டின் குழாய் எவ்வழி போவது என்ற கேள்வியே பிறக்கிறது.