பாவும் ஊடையும்

பல்லடம் வட்டாரத்துச் சிற்றூர்களின் வழியே செல்வோர் காதில் முதலில் விழுவது விசைத்தறியின் ஓசை. அவ்வோசைக்கு நடுவே பிறந்து வளர்ந்த மாணவர் பலர் இப்பாடத்தைப் படிக்கக்கூடும். தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூலைப் பாவு என்கிறோம். அதன் குறுக்கே நாடா கொண்டு செல்லும் நூலை ஊடை என்கிறோம். பாவு மட்டும் இருந்தால் துணி இல்லை. ஊடை மட்டும் இருந்தாலும் துணி இல்லை. இரண்டும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும்போதே மானங்காக்கும் ஆடை பிறக்கின்றது. கல்வியும் அத்தகையதே என்பது என் கருத்து.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் மாணவர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கின்றனர். அன்று முதல் அவர்களிடையே ஒரு வேலி எழுகின்றது. கணிதமும் அறிவியலும் எடுத்தவர் வேலிக்கு அப்புறம். வரலாறும் பொருளியலும் எடுத்தவர் இப்புறம். அப்புறத்தார் பிழைக்கத் தெரிந்தவர் என்றும், இப்புறத்தார் மதிப்பெண் குறைந்ததால் ஒதுங்கியவர் என்றும் ஊரார் பேசுகின்றனர். கவிதையில் மனம் தோய்ந்த பெண் பொறியியல் படிக்கின்றாள். பொறிகளைப் பிரித்துப் பார்ப்பதில் விருப்பமுள்ள பையன் அவற்றைத் தொடாமலே வளர்கின்றான். இவ்வேலியை இட்டது இயற்கையன்று, நாமே இட்டோம். மனிதர் நம் கையால் இட்ட வேலியை மனிதர் கையாலேயே அகற்றவும் கூடும்.

கலைப்பாடங்களையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் பட்டப்படிப்புகள் இன்று சில பல்கலைக்கழகங்களிலும் உயர்கல்வி நிறுவனங்களிலும் உள்ளன. சென்னை இந்தியத் தொழில்நுட்ப நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. பொறியாளரை உருவாக்கும் வளாகத்திலேயே வளர்ச்சியியலும் ஆங்கில இலக்கியமும் கற்பிக்கப்பட்டன. பள்ளியில் எப்பிரிவைப் படித்தவரும் அதன் நுழைவுத் தேர்வை எழுத இயன்றது. ஐதராபாத்திலுள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் கணினி அறிவியலோடு மொழியியலையோ, மனிதரைப் பற்றிய பிற அறிவியல்களையோ இணைத்துப் பயிலும் படிப்புகள் உள்ளன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் பல துறைகளை இணைத்துப் பயில்வதை வலியுறுத்துகின்றது. இத்தகைய படிப்பு நமக்கு வேண்டுமா? வேண்டும் என்பதற்குத் தறியே முதற் சான்று.

பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜக்கார்டு என்பார், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலைப்பாடு நெய்யும் தறியை 1804-ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். எந்தப் பாவு நூல் உயர வேண்டும், எது தாழ வேண்டும் என்பதை அட்டையின் துளைகளே தீர்மானித்தன. இங்கிலாந்தில் சார்லசு பாபேசு என்னும் கணித அறிஞர் தாம் திட்டமிட்ட கணக்கீட்டுப் பொறிக்கு இவ்வட்டை முறையை எடுத்துக்கொண்டார். அப்பொறியைக் குறித்து 1843-இல் விரிவான விளக்கக் குறிப்புகளை வெளியிட்டவர் ஏடா லவ்லேசு அம்மையார். அவர் புகழ் பெற்ற கவிஞர் பைரனின் மகள். அப்பொறி எண்களை மட்டுமன்றி இசையையும் ஒருநாள் கையாளக்கூடும் என அவர் எண்ணிப் பார்த்தார். நெசவாளரின் கைத்திறனும், கணித அறிஞரின் திட்டமும், கவிஞரின் மகளுடைய கற்பனையும் கூடிய இடத்திலேதான் இன்றைய கணினியின் வித்து விழுந்தது.

இனி நம் மொழிக்கு வருவோம். 'பல்லடம்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? ஐந்து என்று தொடக்கப் பள்ளிக் குழந்தையும் கூறும். கணினியோ ஏழு என்கின்றது. ஒருங்குறி முறையில் 'ல்', 'ம்' என்னும் மெய்யெழுத்துகளில் எழுத்துக்கு ஒரு குறியும், புள்ளிக்கு வேறொரு குறியும் தனித்தனியே வைக்கப்பட்டிருப்பதே காரணம். தமிழ் இலக்கணம் அறியாத ஒருவர் இச்சொல்லைப் பின்னிருந்து எழுதுமாறு கணினிக்குக் கட்டளையிட்டால், எழுத்தைவிட்டுப் புள்ளி விலகி வேறிடம் சென்றுவிடும். இலக்கணம் மட்டும் அறிந்த புலவர் பிழையைக் காண்பார். திருத்தும் வழி அறியார். இரண்டும் அறிந்த ஒருவரே காணவும் திருத்தவும் வல்லவர். தமிழ் இனிவரும் காலத்தில் அறிவுக் கருவிகளில் எல்லாம் வாழ வேண்டுமாயின், இத்தகையோர் நூற்றுக்கணக்கில் வேண்டும்.

மொழிக்கு மட்டும்தானா இத்தேவை? நொய்யலாற்றைப் பாருங்கள். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் வளர்ந்தபோது சாயத் தொழிலும் உடன் வளர்ந்தது. துணியில் நிறம் நிலைக்கச் செய்யும் நுட்பத்தை நாம் நன்றாகக் கற்றோம். சாயம் தோய்த்த நீர் எங்கே போகும், அதைக் குடிப்பவர் யார், கீழ்மடையில் உழுபவருக்கு என்ன உரிமை என்னும் வினாக்களை உரிய காலத்தில் கேட்கவில்லை. பாசனத்துக்கென 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு கலந்த நீர் தேங்கியது. வயலை வளர்க்க வேண்டிய நீரே வயலைக் கெடுத்தது. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். முடிவில், 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அதனால் உழவர் துயரோடு தொழிலாளர் துயரும் சேர்ந்துகொண்டது. கழிவுநீரை வெளியே விடாது தூய்மைப்படுத்தும் முறைக்கு ஆலைகள் பின்னர் மாறின. வேதியியல் அறிவோடு சட்டம், வரலாறு, சமூகம் பற்றிய அறிவும் தொடக்கத்திலேயே உடன் அமர்ந்திருந்தால், அத்துயரில் ஒரு பகுதியேனும் தவிர்ந்திருக்கும் அன்றோ?

"இரண்டையும் படிப்பவன் ஒன்றையும் உருப்படியாகப் படியான், நுனிப்புல் மேய்வான்" என்பர் சிலர். இவ்வெதிர்ப்பைப் புறந்தள்ளிவிட முடியாது. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பாடங்களைப் பொறுக்கி அடுக்கி, அதற்கொரு பட்டப் பெயர் சூட்டும் படிப்பு உண்மையிலேயே பயனற்றது. ஆனால் தறி நமக்கு வழி காட்டுகின்றது. பாவு முதலில் உறுதியாக இழுத்துக் கட்டப்படுகின்றது. அதன் பின்னரே ஊடை ஓடுகின்றது. அதுபோல ஒரு துறையில் ஆழ்ந்த பயிற்சி வேண்டும். மற்றொரு துறை அதனூடே இடைவிடாது ஓட வேண்டும். எது பாவு, எது ஊடை என்பதை அவரவர் விருப்பமும் ஆற்றலும் முடிவு செய்யட்டும்.

"வேலை கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பதும் நியாயமே. கடன் வாங்கிப் படிக்க வைப்பவருக்கு அக்கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. எந்தப் பட்டமும் வேலையை உறுதி செய்வதில்லை என்பதே நேர்மையான விடை. ஆயினும் ஒன்று சொல்லலாம். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் பணியை இயந்திரம் எளிதில் ஏற்றுக்கொள்ளும். எதைச் செய்ய வேண்டும், யாருக்காகச் செய்ய வேண்டும், செய்தால் என்ன விளையும் என்று ஆராயும் பணி மனிதரிடமே நிற்கும்.

இவ்வாறு வாழ்ந்து காட்டியவர் நம் கொங்கு மண்ணிலேயே தோன்றினார். கரூருக்கு அருகிலுள்ள வாங்கலாம்பாளையத்தில் 1929-இல் பிறந்த வா. செ. குழந்தைசாமி, நீர்வளத் துறையில் ஆழ்ந்து பயின்று, அமெரிக்காவின் இல்லினாய்சு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராய் விளங்கியவர். அவரே குலோத்துங்கன் என்னும் புனைபெயரில் கவிதைகளும் எழுதினார். 'வாழும் வள்ளுவம்' என்னும் அவரது நூலுக்கு 1988-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. உலகெங்கும் வாழும் தமிழர் இணையத்தின் வழியே தமிழ் கற்பதற்கென 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, அதனை முன்னின்று நடத்தியவரும் அவரே. அது இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படுகின்றது. நீரியல் அவருக்குப் பாவு, தமிழ் ஊடை.

இருதுறைப் படிப்பு கற்பிக்கும் கல்லூரிகள் சிலவே, இடங்களும் குறைவு. எல்லோர்க்கும் அவை கிட்டா. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. பொறியியல் கற்பவர் நாள்தோறும் சிறிது நேரம் வரலாற்று நூலோ இலக்கிய நூலோ படிக்கலாம். தமிழோ பொருளியலோ கற்பவர் கணினிக்குக் கட்டளை எழுதக் கற்கலாம். எப்பிரிவை எடுப்பினும் அப்புறத்தாரை இகழாமல், அவர் அறிந்ததைக் கேட்டறியலாம்.

மாணவர்களே! அடுத்த முறை தறியின் ஓசை காதில் விழும்போது சற்றே நின்று பாருங்கள். நூலோடு நூல் சேர்ந்து துணியாவதைக் கண்ட பின், எந்த நூல் உயர்ந்தது என்று கேட்க உங்களுக்குத் தோன்றாது.