ஐயமும் திரிபும்

அறிவுக்கு நேரும் குற்றங்களை ஐயம் எனவும் திரிபு எனவும் நம் அளவை நூலார் பகுத்துரைப்பர். மாலை மங்கலிலே தூரத்தில் நிற்பதொன்றைக் கண்டு, அது குற்றியோ மகனோ என மனம் ஊசலாடுவது ஐயம். வழியிற் கிடந்த கயிற்றைப் பாம்பென்றே துணிந்து தடியெடுப்பது திரிபு. இரண்டும் குற்றமேயாயினும் ஒரு தன்மையன அல்ல. ஐயமுற்றவன் அருகே சென்று பார்ப்பான், விளக்கொன்று கொணர்வான், அறிந்தாரை வினவுவான். ஆதலின் ஐயம் தெளிவுக்கு வாயிலாதலும் உண்டு. திரிபுற்றவனோ தான் அறிந்துவிட்டதாகவே எண்ணுகின்றான். அவன் விளக்கைத் தேடான். பண்டித வகுப்பின் தொடக்கத்தில் ஓதும் இச்சிறு பாடத்தை ஒரு நாடு தன் துயர காலத்தில் மறக்குமாயின் விளைவது யாது என்பதை 2019 ஆம் ஆண்டில் நாம் கண்கூடாகக் கண்டோம்.

அவ்வாண்டு ஏப்பிரல் 21 ஆந் திகதி, கிறித்தவ மக்கள் உயிர்த்த ஞாயிறு கொண்டாடிய காலைப் பொழுதிலே, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் ஆகிய மூன்றிடத்தும், தலைநகரின் பெரு விடுதிகள் மூன்றிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260 பேருக்கு மேல் மாண்டனர். ஏறத்தாழ 500 பேர் காயமுற்றனர். கட்டுவாப்பிட்டியில் மாத்திரம் மாண்டோர் தொகை நூற்றைக் கடந்தது. மட்டக்களப்பிலே இறந்தோருட் பலர் ஞாயிற்றுப் பாடசாலை முடித்து முற்றத்தில் நின்ற சிறுவர். புத்தாடை உடுத்திச் செபத்துக்கு அனுப்பிய பிள்ளையைப் பிணமாகப் பெற்ற தாய்க்கு எச்சொல்லும் ஆறுதலாகாது. கொலை புரிந்தோர் தம் செயலுக்குச் சமயத்தின் பெயரைச் சூட்டினர். எச்சமயத்தாலும் எவ்வரசியலாலும் அதற்கு நியாயம் கற்பித்தல் இயலாது.

முதல் நாட்களில் மக்கள் நடந்துகொண்ட முறை பெருமைக்குரியது. இரத்தம் வழங்குதற்கு இனமும் மதமும் பாராது வரிசையிலே நின்றனர். ஊர்தோறும் துக்கக் கொடிகள் பறந்தன. கொலைகாரரின் உடல்களைத் தாம் ஏற்று அடக்கம் செய்வதில்லையென அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சபையினர் அறிவித்தனர். இந்நிலை நீடித்திருக்குமாயின், அத்துயரத்தினின்றும் ஒரு புதிய ஒற்றுமை பிறந்திருத்தல் கூடும்.

அது நீடிக்கவில்லை. "இவருள் எவர் குற்றவாளி?" என்னும் வினா ஐயம், அது நியாயமானதே. சின்னாட்களுள் அவ்வினா மறைந்து, "இவர் யாவரும் குற்றவாளிகள்" என்னும் துணிபு அவ்விடத்தைப் பிடித்தது. முஸ்லிம் வணிகரின் கடைகளைத் தவிர்க்குமாறு பிரசாரம் நடந்தது. முகத்தை மூடுவதைத் தடுக்கும் விதி ஏப்பிரல் 29 இல் நடைமுறைக்கு வந்தபோது, தலையை மாத்திரம் மறைத்த பெண்களும், விதி அவர்களைத் தடுக்காதிருந்தும், சில இடங்களிலே வழிமறிக்கப்பட்டனர். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலுமிருந்து துன்புறுத்தலுக்குத் தப்பி வந்து நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் வாழ்ந்த அகதிகள் நூற்றுக்கணக்கானோர் ஒரே கிழமையில் வீடிழந்தனர். எக்கொடுமைக்கு அஞ்சித் தம் நாட்டைவிட்டு ஓடி வந்தனரோ, அக்கொடுமைக்கே உடந்தையாளர் என இங்கு எண்ணப்பட்டனர்.

மே மாதத்தில் நிகழ்ந்தது மொழி கற்பிப்போர் சிந்தித்தற்குரியது. சிலாபத்திலே முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் எழுதிய ஆங்கிலத் தொடரொன்று, வரவிருக்கும் தாக்குதலுக்கான மிரட்டலெனப் பொருள் கொள்ளப்பட்டது. அத்தொடரின் பொருளை நின்று ஆராய்ந்தவர் சிலர், கல்லெடுத்தவர் பலர். மறுநாள், மே 13 இல், குளியாப்பிட்டி, மினுவாங்கொடை முதலாய இடங்களுக்குக் கலவரம் பரவியது. பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. நாத்தாண்டியாப் பகுதியில் ஒருவர் வெட்டுண்டு இறந்தார். அது நோன்பு மாதம். அதே மாதத்தில் குருநாகல் வைத்தியசாலையைச் சேர்ந்த முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் எனப் பத்திரிகைச் செய்தி எழுந்து, அவர் கைது செய்யப்பட்டார். குற்றப் புலனாய்வுப் பிரிவினரோ அதற்குச் சான்றில்லையென நீதிமன்றுக்கு அறிவித்தனர். 2022 இல் மீண்டும் பணியேற்ற அவ்வைத்தியர், தமக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை மருந்து வாங்குதற்கென அரசுக்கே கொடுத்துவிட்டார். வதந்தியைப் பரப்பிய ஆயிரம் நாவுகள் இக்கொடையை எடுத்துரைத்தனவா என்பது நாம் வினவவேண்டிய வினா.

இனி, பாதுகாப்பைக் குறித்து நோக்குவோம். "ஒரு சமூகத்தின்மீது போதிய சந்தேகம் கொள்ளாமையினாலன்றோ இது நிகழ்ந்தது" என்பார் உளர். நிகழ்ந்தவை அதற்கு மாறாகச் சான்று பகர்கின்றன. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைப் பற்றி முதன்முதல் முறையிட்டவர்கள் அவனது ஊராகிய காத்தான்குடியின் முஸ்லிம் மக்களே. 2017 மார்ச்சில் அங்கே அவனது கூட்டத்தார் மாற்றுக் கொள்கையினருடன் மோதிய பின்னர் அவன் தலைமறைவானான். 2018 டிசம்பரில் மாவனல்லையிலே புத்தர் சிலைகள் சிதைக்கப்பட்டபோது, அது பற்றிய விசாரணைக்குத் துணைநின்ற முஸ்லிம் ஒருவர் 2019 மார்ச்சில் தம் வீட்டில் வைத்துச் சுடப்பட்டு உயிர் தப்பினார். அவ்விசாரணையின் வழியாகவே வனாத்தவில்லுவில் வெடிபொருட் குவியல் அகப்பட்டது. ஏப்பிரல் 26 இல் சாய்ந்தமருதிலே குடிபுகுந்த அந்நியரைக் கண்டு அறிவித்தவரும் அவ்வூர் முஸ்லிம்களே. ஒரு சமூகம் தன்னுள் முளைத்த நஞ்சைத் தானே சுட்டிக்காட்டியது. நாடு அதைக் கேட்டிலது. பின்னர் அச்சமூகத்தையே நஞ்சென்றது.

கேளாதவர் யாவர்? இந்தியப் புலனாய்வுத் துறையின் எச்சரிக்கை ஏப்பிரல் 4 இல் இலங்கைக்குக் கிடைத்தது. 9 ஆந் திகதி அது பொலிஸ் மா அதிபருக்குக் கடிதமாயிற்று. 11 ஆந் திகதி வேறோர் அதிகாரியின் சுற்றறிக்கையாயிற்று. தேவாலயங்கள் இலக்காகலாம் என்பதும் அதிற் கூறப்பட்டிருந்தது. அத்தாள் ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குச் சென்றதேயன்றி, கட்டுவாப்பிட்டியின் வாயிலுக்கு வந்து சேரவில்லை. 2023 சனவரி 12 இல் உயர் நீதிமன்றம், அப்போது சனாதிபதியாயிருந்த மைத்திரிபால சிறிசேனாவும் பாதுகாப்புத் தலைவர் நால்வரும் தம் கடமையிற் தவறி மக்களின் அடிப்படை உரிமையை மீறினர் எனத் தீர்த்து, முன்னாட் சனாதிபதி 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென்றும், ஏனையோர் தத்தமக்கு விதித்த தொகையைச் செலுத்த வேண்டுமென்றும் கட்டளையிட்டது.

இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குக. ஐயத்தை ஆராய்ந்து தெளிய வேண்டிய கடமையுடையோர் அதனைத் தெளியாது விட்டனர். தெளியும் வழியற்ற பொதுமக்களோ திரிபுக்கு இரையாயினர். காவலின்மையால் முதற் குருதி சிந்தியது. திரிபால் இரண்டாம் குருதி சிந்தியது.

திருவள்ளுவர் ஒற்றாடலுக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தார். அது 59 ஆவது. அரசனுக்கு ஒற்றும் நூலும் இரு கண்களென்பதும், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனால் ஒத்துப்பார்த்தே கொள்ளவேண்டும் என்பதும் அங்குப் பெறப்படும் பொருள். அதிகார வைப்பு முறையும் கருதத்தக்கது. ஒற்றாடலுக்கு முன் நிற்பது கண்ணோட்டம். அதற்கும் முன் நிற்பது வெருவந்த செய்யாமை. குடிகளை வெருட்டாமையும் அவர்பாற் கண்ணோடுதலும் உடைய அரசுக்கே வேவு பார்க்குந் தகுதி உண்டென இவ்வைப்பு முறை உணர்த்துகின்றது என்று கொள்ளலாம். அஃது அறவுரையாவதோடு நடைமுறைக்கும் ஏற்றது. வெருட்டப்பட்ட குடி வாய் திறவாது. வாய் திறவாத குடியிடமிருந்து எவ்வொற்றனும் செய்தி பெறான். சாய்ந்தமருது மக்கள் வாய் திறந்தமை அதனாலேயே விலைமதிப்பற்றதாயிற்று.

இதனை உணர்தற்கு யாழ்ப்பாணத்தார்க்குப் புறச்சான்று வேண்டுவதில்லை. அடையாள அட்டையைக் கையிற் பிடித்து வெயிலிலே வரிசையில் நிற்பதும், நள்ளிரவுச் சுற்றிவளைப்பும், பேசும் மொழி கொண்டே குற்றம் சுமத்தப்படுவதும் இம்மண்ணில் ஒரு தலைமுறையின் அன்றாட வாழ்க்கையாயிருந்தன. 1979 இல் தற்காலிக ஏற்பாடெனப் பெயர் சூட்டிய பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. 2019 மே 3 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நடந்த தேடுதலின்போது, விடுதலைப் புலிகளின் தலைவரது உருவப்படம் இருந்ததென்று மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் கைதாகிச் சில நாட்களின் பின் பிணையில் விடப்பட்டனர். தேவாலயத்திற் குண்டு வைத்தவர்க்கும் இம்மாணவர்க்கும் தொடர்பு யாதுமில்லை. வலை ஒன்றுக்கென வீசப்பட்டு வேறொன்றைப் பிடிக்கும் என்பதற்கு இது சான்று. வீதிச் சாவடிகள் மீண்டன. பாடசாலைப் பிள்ளைகள் உள்ளிருப்பது வெளித்தெரியும் பைகளைச் சுமந்தனர்.

இத்துணை அறிந்தும், வேறொரு சமூகம் அதே வரிசையில் நிறுத்தப்பட்டபோது "இப்போது அவர்கள் முறை" எனக் கூறிய குரல்கள் நம்மிடையேயும் எழுந்தன. அக்குரல்களுக்கு ஒரு நாளை நினைவூட்டல் வேண்டும். 1990 அக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள், இரண்டு மணி நேர அவகாசத்தில், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சோனகதெரு வெறிச்சோடியது. வடமாகாணம் முழுவதிலுமிருந்து அம்மாதத்தில் ஏறத்தாழ 75,000 பேர் புத்தளம் முதலாய இடங்களுக்கு அகதிகளாய்ச் சென்றனர். அங்கும் பாதுகாப்பே காரணமெனப்பட்டது. சிலர்மேற் கொண்ட ஐயம் யாவர்மேலும் திரிபாயிற்று. தமிழைத் தாய்மொழியாகப் பேசி, நம்மோடு ஒரே சந்தையிற் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த மக்கள் அவர்.

வழிபாட்டிடத்தில் வீழ்ந்த குருதியும் ஒரு சமூகத்துக்கே உரியதன்று. 1985 மே 14 இல் அநுராதபுரத்து மகாபோதியில் பௌத்தர், 1990 ஆகஸ்டு 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற முஸ்லிம்கள், 1995 யூலை 9 இல் நவாலி பேதுருவானவர் தேவாலயத்திலே குண்டுவீச்சுக்கு அஞ்சி ஒதுங்கிய தமிழர், 2019 இல் கட்டுவாப்பிட்டியிலே சிங்களக் கத்தோலிக்கர். கொன்றவர் வெவ்வேறானோர், கொலையுண்டோர் யாவரும் படையணியாத குடிமக்கள். இந்நான்கு நாட்களையும் ஒருங்கே நினைந்து வருந்தக் கல்லாதவன் தன் இனத்தின் துயரத்தையும் முழுமையாக அறியான்.

"அவ்வாறாயின் சோதனையும் காவலும் வேண்டாவோ?" எனின், வேண்டும். பெயரும் சான்றும் கொண்டு தனி மனிதனைத் தேடுதல், ஆலய வாயிலில் யாவரையும் ஒப்பச் சோதித்தல், கொலையைப் போதிக்கும் கொள்கையை எச்சமயத்தின் பெயரால் வரினும் அஞ்சாது மறுத்தல் ஆகிய இவை காவல். பெயரையும் உடையையும் கொண்டு ஒரு கூட்டத்தைக் குற்றவாளியாக்குதல் காவலாகாது. 1942 இல் ஐக்கிய அமெரிக்கா, யப்பானிய வழிவந்தோர் ஏறத்தாழ 1,20,000 பேரைப் பாதுகாப்பின் பெயரால் முகாம்களில் அடைத்தது. 1988 இல் அந்நாடே அது பிழையென ஒப்பி மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தோர்க்கு ஆளுக்கு 20,000 டொலர் இழப்பீடும் வழங்கியது. திரிபு தெளிதற்கு அங்கே 46 ஆண்டுகள் சென்றன.

ஆசிரியப் பெருமக்களும் மாணாக்கரும் இதிற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. காட்சி, கருதல், உரை என அளவை மூன்றென நாம் கற்பிக்கின்றோம். அவற்றைப் பரீட்சைக்கென்றே கற்பித்து விடுத்தல் போதாது. கைத்தொலைபேசியில் வரும் ஒவ்வொரு கொடிய செய்தியையும் அம்மூன்று உரைகல்லிலும் தேய்த்துப் பார்க்கப் பழக்குதல் வேண்டும். இதனைக் கண்டவர் யார்? எக்குறி கொண்டு கருதினர்? உரைத்தவர் நம்பத்தகும் ஆப்தரோ? 2018 பெப்ருவரியில் அம்பாறையிலே உணவிற் கண்ட மாவுக் கட்டியை மலட்டு மருந்தெனக் கொண்டு கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினர். அது மாவுப்பொருளே என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கையிட்டார். கயிற்றரவு நம் நூலில் மாத்திரம் உள்ள உவமையன்று. அம்பாறையிலே உணவுத் தட்டிலும் கிடந்தது.

மாண்டோர்க்கு நீதி கிடைத்தல் வேண்டும். உண்மை முழுவதும் வெளிப்படல் வேண்டும் எனக் கத்தோலிக்க மக்கள் எழுப்பிவரும் கோரிக்கை நம் எல்லார்க்கும் உரியது. அந்நீதிக்குச் சான்று வேண்டும். சான்றைத் தேடுதற்கு விளக்கு வேண்டும். இருளிலே தடியெடுத்தவன் பாம்பைக் கொல்வதில்லை. பக்கத்தில் நிற்பவனையே அடிக்கின்றான். பாம்பு இருந்த இடத்தில் இருக்கின்றது. நம் வகுப்பறைகள் விளக்கை ஏற்றுக.