வரிசை விதியாகாது

காரைக்கால் மாவட்டத்துப் பூவத்தில் நண்டலாற்றைக் கடந்தால் தமிழ்நாடு. இவ்வூர் சேர்ந்துள்ள புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் தலைநகரமோ சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கு போகவும் தமிழ்நாட்டின் வழியாகத்தான் போக வேண்டும். மருந்துத் தட்டுப்பாடு வந்தால் இங்குள்ள நோயாளி எந்த அரசின் கணக்கில் வருவார்? தொற்று இல்லாத இன்றே இதற்கு விடை வேண்டும்.

2021 ஏப்ரலில் கொரோனா நோயாளிகளுக்குத் தரப்பட்ட ரெம்டெசிவிர் மருந்து கிடைக்காமல் போனபோது ஒன்றிய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. பின்னர், இருந்த மருந்தை மாநிலவாரியாகப் பிரித்தது. நோயாளிகள் அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. காரைக்காலில் படுக்கை கிடைக்காதவர் நாகப்பட்டினத்துக்கோ தஞ்சாவூருக்கோ செல்வார். அவருக்கான குப்பி இன்னொரு அரசின் ஒதுக்கீட்டில் கிடக்கும்.

தமிழ்நாட்டில் நடந்ததும் பாடமே. சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசே மருந்தை விற்றது. ஒருவருக்கு ஐந்து நாள் சிகிச்சைக்கு ஆறு குப்பிகள். நோயாளி படுக்கையில் இருக்க, உறவினர் மருத்துவர் சீட்டுடன் இரவெல்லாம் தெருவில் நின்றார். நிற்க ஆளில்லாதவருக்கு மருந்தில்லை. பணமுள்ளவருக்குக் கள்ளச்சந்தை இருந்தது. விற்பனையை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றியும் கூட்டம் குறையவில்லை. மே 18 முதல் மருத்துவமனைகளே இணையத்தில் பதிந்து பெறும் முறை வந்தது. முதல் நாளே செய்திருக்கக் கூடியது அது.

தட்டுப்பாட்டுக்கு உற்பத்திக் குறைவு மட்டும் காரணமன்று. மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு இம்மருந்தைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே அறிவுறுத்தியிருந்தது. அதன் பிறகும் சீட்டுகள் தாராளமாக எழுதப்பட்டன. யாருக்குத் தேவை என்பதை யாரும் சரிபார்க்காத இடத்தில், யார் முந்துகிறார் என்பதே விதியாகிவிடுகிறது. வரிசை விதியாகாது.

காவிரிப் பங்கீட்டில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று எழுத்தில் இருப்பதால்தான் காரைக்காலின் கடைமடை விவசாயி தன் பங்கை உரிமையோடு கேட்கிறார். மருந்துக்கும் அப்படி எழுதப்பட்ட பங்கு வேண்டும். அது முகவரியைப் பார்த்து அல்ல, நோயாளி படுத்திருக்கும் படுக்கையைப் பார்த்து வர வேண்டும். முன்னுரிமையை மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டும். கையிருப்பும் வழங்கியதும் நாள்தோறும் பொதுவில் வெளிவர வேண்டும்.

ஒதுக்குவது ஒன்றிய அரசு. பகிர்ந்தளிப்பது இருபுறத்துச் சுகாதார நிர்வாகங்கள். பொறுப்பு மூவருக்கும் உண்டு. எல்லையோர நோயாளிக்கான விதி ஏற்கெனவே இருக்கிறதென்றால் அதை வெளியிடட்டும். இல்லையென்றால், இருபுறமும் கூடி எழுதி, அடுத்த தொற்றுக்கு முன் வெளியிடட்டும்.